பத்தில் ஒன்பது யாருடையது?

கட்டாரில் வேலை செய்யும் மச்சான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார். "தசமபாகம் முழுச் சம்பளத்திலயா, வீட்டுக்கு அனுப்பினது போக மிச்சத்திலயா?" வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கென்று கொடுப்பதுதான் தசமபாகம். மச்சான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாதாமாதம் ஒழுங்காகக் கொடுக்கிற ஆள் அவர். பெரியம்மா உடனே, தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் குரல்பதிவாக அனுப்பினார். கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி, சேமலாப நிதி கழித்த பிறகு கைக்கு வரும் தொகையில்தான் என்றாள். கனடாவிலிருக்கும் அண்ணன், புதிய ஏற்பாட்டுச் சபைக்குத் தசமபாகம் கட்டளையே இல்லை என்று நீளமாக எழுதினார். "இந்தக் குழுவில ஆகக் கூடச் சம்பளம் எடுக்கிறது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்று அதற்குக் கீழே ஒரு பதில் வந்தது. யார் போட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

இதைக் காத்தான்குடி முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்களுக்கு ஸக்காத் ரெண்டரை வீதம், உங்களுக்குப் பத்து வீதம். அப்ப நீங்கதான் பணக்காரச் சமூகம்." பிறகு அவரே ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். அவர்களுக்குக் கணக்கு சம்பளத்தில் இல்லை; ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தில். எவ்வளவு சம்பாதித்தாய் என்பதைவிட எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிற கணக்கு அது. நல்ல கேள்விதான் என்று பட்டது.

மச்சானுக்கு என் பதில் ஒரு வரி: முடியுமென்றால் முழுச் சம்பளத்தில் கொடுங்கள், முடியாத மாதத்தில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். ஆனால் அந்தக் குழுவில் நாற்பது ஐம்பது செய்திகள் போயும் ஒருவரும் தொடாத விஷயம் ஒன்று இருந்தது. பத்தில் ஒன்று கடவுளுக்கு என்றால், மீதி ஒன்பது யாருடையது? எங்கள் பேச்சு முழுக்க, ஒன்றைச் சரியாகக் கழித்துக் கொடுத்துவிட்டால் ஒன்பதும் நம்முடையது, அதில் யாரும் கேள்வி கேட்க வரமாட்டார் என்ற எண்ணத்தில்தான் நடந்தது. வேதாகமம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. இயேசு காலத்துப் பரிசேயர் புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்தவர்கள். அதைச் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். அந்த மூன்றும் ஒன்பது பங்கில் இருக்கிற விஷயங்கள்.

"பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்ற 24ஆம் சங்கீதத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். மனப்பாடம் செய்ததாலேயே அதன் கூர் மழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் அதையே காணி விற்கிற இடத்தில் வைத்துச் சொல்கிறது: தேசம் என்னுடையது, ஆகையால் நிலத்தை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும். ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. ஐம்பதாம் வருடம் யூபிலி. கடனில் கைமாறிய காணி பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அதனால் ஒருவன் விற்பது காணியை அல்ல, யூபிலி வரைக்கும் உள்ள விளைச்சல்களைத்தான். வருடம் கூட இருந்தால் விலை கூட, குறைவாக இருந்தால் குறைவு. கடவுளின் உரிமையை இவ்வளவு நேரடியாக விலைக்கணக்கில் கொண்டுவந்து வைத்த சட்டத்தைப் படித்துவிட்டு, "எல்லாம் ஆண்டவருடையது" என்பதை வெறும் பக்திப் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது.

மட்டக்களப்பில் இதைச் சொன்னவுடன் சிலர் வேறொரு பாதைக்குத் திரும்பிவிடுவார்கள். 1978 நவம்பர் சூறாவளி ஒரே இரவில் தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 கல்லடி, நாவலடி, டச்பார் பக்கத்தில் வீட்டையும் வீட்டிலிருந்தவர்களையும் சேர்த்தே கொண்டுபோனது. "ஆண்டவர்தான் சொந்தக்காரர், தந்தவர் எடுத்தார், நம் ஆசையைக் கண்டித்தார்" என்று சுனாமிக்குப் பிறகு பிரசங்கம் செய்த ஒருவரை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்லவென்று இயேசு சொன்னார். அதற்குமேல் விளக்கம் தேடி இறந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளிடம் போகக்கூடாது. செல்வத்தின் மீது கடவுளுக்கு உள்ள அதிகாரத்தைப் பேசவேண்டிய இடம், செல்வம் இன்னும் கையில் இருப்பவனின் வீடு.

உதாரணத்துக்கு மச்சானையே எடுப்போம். 2022 தொடக்கத்தில் ஒரு கட்டார் றியால் 55 ரூபா அளவில் இருந்தது. இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று ஏப்ரலில் அறிவித்தது. மே மாதத்தில் றியால் நூறை நெருங்கியது. மச்சான் ஒரு மணித்தியாலம்கூடக் கூட வேலை செய்யவில்லை. அதே கொம்பனி, அதே வெயில். ஊருக்கு வந்த காசு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே நாட்களில் இங்கே ஆசிரியச் சம்பளத்தில் இருந்தவர்களும் நாட்கூலிக்குப் போனவர்களும் வாங்கும் அரிசியைக் குறைத்தார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று மனதில் சொல்லிக்கொள்ளாதே என்கிறது உபாகமம் எட்டாம் அதிகாரம். அந்த வருடம் மச்சான் அதைச் சொல்லியிருந்தால் நாங்களே சிரித்திருப்போம். அவர் சொல்லவில்லை என்பதையும் எழுதவேண்டும். அந்த மேலதிகக் காசில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்குப் பல மாதம் சமையல் எரிவாயுவும் பால்மாவும் வந்தது. யாருக்கு என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல்களில் போடியார், முல்லைக்காரர் என்றொரு ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. இளையவர்களுக்கு இப்போது சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருக்கிறது. காணி போடியாருடையது. அவர் பெரும்பாலும் வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில் குடியிருப்பார். முல்லைக்காரர் ஆட்களைச் சேர்த்து, உழுது, விதைத்து, வாடியில் படுத்துக் காவல் காத்து, வெட்டி, சூடு வைத்து, அடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். காணி தன்னுடையது அல்ல என்பது அவருக்கு ஒரு நாளும் மறக்காது. ஆனால் எந்த நாளில் தண்ணீர் கட்டுவது, யாரை வேலைக்குக் கூப்பிடுவது, பன்றி இறங்கிய பக்கத்தில் என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அவரேதான். எல்லாவற்றுக்கும் வாவியைக் கடந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தால் பயிர் கருகிவிடும். உரிமை இல்லை, பொறுப்பு முழுக்க உண்டு. இயேசுவின் உவமைகளில் எஜமான் அடிக்கடி தூரதேசம் போய்விடுகிறாரே, அந்தக் கதைகள் எனக்கு எங்கள் அம்மப்பாவின் வயல் கதைகளோடு சேர்ந்துதான் விளங்கின. போடியார்கள் எல்லாரும் நியாயமானவர்களாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வேலை செய்தவனின் பங்கில் கைவைத்தவர்கள் இருந்தார்கள். அதனால் ஒப்பீட்டை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எஜமான் மூன்று வேலைக்காரரிடம் காசை ஒப்படைத்துப் போகிற தாலந்து உவமையில் மூன்றாமவன் ஏன் காசைப் புதைத்தான்? எஜமான் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடினமானவர் என்று அவன் நினைத்தான், பயந்தான். ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரி. ஒரு தெனாரி அந்தக் காலத்து நாட்கூலி. ஏறத்தாழ இருபது வருட உழைப்பு அவன் கையில் இருந்தது. சின்னத் தொகை என்பதால் அவன் அலட்சியம் செய்யவில்லை. சொந்தக்காரரைப் பற்றி அவன் மனதில் வைத்திருந்த படம்தான் அவன் கையைக் கட்டியது. எங்கள் ஊரில் காணியை வேலியடைத்துப் பற்றைக்காடாக விட்டு, விலை ஏறட்டும் என்று வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களை நினைக்கும்போது இந்த மூன்றாமவன் ஞாபகத்துக்கு வருவான்.

அதைவிடக் கஷ்டமான உவமை லூக்கா 16. "உன் உக்கிராணக்கணக்கை யொப்புவி" என்று எஜமான் சொன்னதும், வேலை போகப்போகிற உக்கிராணக்காரன், அதாவது எஜமானின் பொருளைப் பராமரிக்கிறவன், கடன்காரரைக் கூப்பிட்டு நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும் நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் எழுதவைக்கிறான். எஜமான் அவனைப் புத்தியுள்ளவன் என்று மெச்சுகிறார். மோசடியையா மெச்சுகிறார் என்று சபையில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். உரையாசிரியர்கள் பலவாறு சொல்கிறார்கள்; தன் தரகைத்தான் அவன் விட்டுக்கொடுத்தான் என்பது ஒரு விளக்கம். எனக்குப் போதுமானது இவ்வளவு: கணக்குக் கேட்கும் நாள் வருகிறது என்று தெரிந்தவுடன் அவன் காசைப் பிடித்துக்கொள்ளவில்லை, மற்றவர்களின் கடனைக் குறைத்தான்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி பணத்தைப் பற்றிய தன் புகழ்பெற்ற பிரசங்கத்துக்கு எடுத்த வசனமும் இந்த உவமையின் முடிவில் இருப்பதுதான். இயன்றளவு சம்பாதி, இயன்றளவு சேமி, இயன்றளவு கொடு என்ற மூன்று விதிகளையும் மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவர்கள் கேட்டிருப்போம். முதலாவது விதிக்கு அவர் போட்ட நிபந்தனைகளைத்தான் யாரும் சொல்வதில்லை. உன் உடலைக் கெடுத்துச் சம்பாதிக்காதே, அயலவனின் உடலையோ ஆத்துமாவையோ சொத்தையோ கெடுத்துச் சம்பாதிக்காதே என்கிறார். மதுபானம் விற்பதையும் அடகு பிடிப்பதையும் பெயர் சொல்லியே தள்ளுகிறார். எங்கள் நகரத்துக் கடைத்தெருவில் நகை அடகு விளம்பரங்களை எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். இன்னொரு பிரசங்கத்தில் ஒக்ஸ்போர்டில் இருந்த ஒருவரைப் பற்றி அவர் சொல்கிறார். வருடம் 30 பவுண் வருமானம் வந்தபோது 28இல் சீவித்து 2ஐக் கொடுத்தார். 60 வந்தபோதும் 28இல் சீவித்து 32ஐக் கொடுத்தார். 90 வந்தபோதும் அப்படியே. வெஸ்லி தன்னைத்தான் சொல்கிறார் என்பது பொதுவான எண்ணம். இங்கே பத்து வீதக் கணக்கே இல்லை. எனக்கு எவ்வளவு போதும் என்று முதலில் ஒரு கோடு கீறிவிட்டார்; கோட்டுக்கு மேலே வந்தது அவருடையது அல்ல. றியால் நூறானபோது எங்கள் எத்தனை வீடுகளில் அந்தக் கோடு சேர்ந்தே ஏறியது என்று யோசிக்கிறேன். எங்கள் வீட்டில் ஏறியது. குளிரூட்டி வந்தது.

மட்டக்களப்பு மெதடிஸ்த வரலாறு தொடங்குவதே காசுப் பிரச்சினையோடுதான். கலாநிதி தோமஸ் கோக் வசதியான மனிதர். ஆசியாவுக்கு ஒரு மிஷனைக் கொண்டுபோக இங்கிலாந்து மெதடிஸ்த மாநாடு 1813இல் தயங்கியபோது, செலவை என் சொந்தப் பணத்திலிருந்து போடுகிறேன் என்று ஆறாயிரம் பவுண் வரை முன்வந்தார். அந்த வருட முடிவில் இளம் மிஷனரிகளோடு கப்பலேறினார். 1814 மே 3ஆம் திகதி காலை அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரத்திலேயே அடக்கம். அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது: பணத்துக்கான ஏற்பாடெல்லாம் அவர் ஒருவரின் பெயரில். பம்பாயில் இறங்கியபோது இவர்களிடம் செலவுக்கு வழியில்லை. கப்பல் தலைவர் அங்கிருந்த ஒரு வணிகரிடம் அறிமுகம் செய்துவைக்க, அவர் இங்கிலாந்து மிஷன் சங்கத்தை நம்பி முன்பணம் கொடுத்தார். ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவருடைய மனைவி வரும் வழியிலேயே கடலில் இறந்துவிட்டார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்லும் வருடம் அந்த 1814. ஓல்ட் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை.

கோக் தன் செல்வம் ஆண்டவருடையது என்று வாயால் சொன்னவர் மட்டுமல்ல, செய்தும் காட்டியவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையொப்பம் ஒருவருடையது மட்டும். நான் செத்தால் இந்த வேலை எப்படி நடக்கும் என்ற கேள்வியும் உக்கிராணத்துக்குள் அடங்கும். நம்மில் எத்தனை பேர் உயில் எழுதி வைத்திருக்கிறோம்? சபைக்குள் இதைப் பேசினால் அபசகுனம் மாதிரிப் பார்க்கிறார்கள். காணி உறுதி எங்கே, வங்கிக் கணக்கு எது, யாரிடம் சீட்டுக் காசு நிற்கிறது என்று தெரியாமல் பிள்ளைகள் அலைந்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளிலும் குடும்பஜெபம் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்தது.

சரி, சபைக்கு வருவோம். எல்லாம் கடவுளுடையது என்ற உபதேசத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும்போது, ஆகவே எங்களிடம் கொடுங்கள் என்று அது முடியும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. சபை சொந்தக்காரர் அல்ல. சபையும் உக்கிராணக்காரன்தான், கணக்கு அதற்கும் உண்டு. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைக் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்தார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி ஏட்டில் ஒப்பமிடும் பழக்கம் சின்ன விஷயம் போலத் தெரியும். இயேசுவின் குழுவிலேயே பணப்பை வைத்திருந்தவர் யூதாஸ் என்பதை நினைத்தால் சின்ன விஷயமாகத் தெரியாது. இந்த விஷயத்தில் எங்கள் இந்து அயலவர்களிடமும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோயில் கணக்கில் பிழை வந்தால், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரை ஊரே கூடிக் கேட்கும். நாங்கள் போதகரையோ பொருளாளரையோ கேட்டால் அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை போடுகிறாய் என்கிறார்கள்.

விதைக் காணிக்கைக் கூட்டங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆயிரம் கொடு, நூறத்தனையாகத் திரும்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது கடவுள் சொந்தக்காரராக இருப்பதில்லை. நமக்கு வட்டி கட்டவேண்டிய கடன்காரராகிவிடுகிறார். தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட ஏழை விதவையின் கதையை அங்கே தவறாமல் வாசிப்பார்கள். மாற்கு 12இல் அந்தக் கதைக்கு நேர் முந்தின வசனம் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாசித்த கூட்டத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

நெல்லுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இங்கே செல்வம் என்றால் கடைசியில் அதுதான். "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதுகிறார். உபாகமம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: பொழுது போகுமுன் கூலியைக் கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபைக் கோயில் நிறைய நெற்கதிரும் பூசணிக்காயும் இளநீர்க்குலையும் கட்டி, ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவோம். ஒரு சேவலுக்கு இரண்டு வீட்டுக்காரர் போட்டிபோட்டு விலையை ஏற்றுவது பார்க்க நல்ல பகிடி. ஆனால் கதிர் கட்டிய வயலில் களை பிடுங்கிய பெண்ணுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று அந்த நாளில் ஒருவரும் கேட்பதில்லை. லேவியராகமம் வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு என்கிறது. கையால் வெட்டிய காலத்தில் பெண்கள் கதிர் பொறுக்கப் போவார்கள். ஒரு போகத்தில் பொறுக்கிய நெல்லை வைத்துக் கொஞ்ச நாளாவது உலை வைத்தார்கள். இப்போது மிசின் இறங்கினால் ஏக்கர் கணக்கில் மளமளவென்று முடிந்துவிடும். பொறுக்கவும் ஒன்றும் இல்லை, வெட்டவும் ஆள் வேண்டாம். மிசினைக் குறை சொல்லவில்லை. மிசினால் மிச்சமான கூலியில் ஓரத்துப் பங்கு எது என்று யாரோ யோசிக்க வேண்டும். என் அம்மம்மா தினமும் உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறு பெட்டியில் போடுவார். பிடியரிசி. கோயிலுக்குப் போய், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்குப் போகும். பணக்காரர் வீட்டில் செய்தது அல்ல அது.

கடன் விஷயத்தை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. போருக்குப் பிறகு வீடு வீடாக வந்த நுண்கடன் கொம்பனிகள் எங்கள் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிழமைக் கடன் கட்ட இன்னொரு கிழமைக் கடன். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே 35 என்றால் முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில் சனம் வந்து அழுகிறது: நிலத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்துப் பஞ்சத்தில் தானியம் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைப்படுத்துகிறோம். நெகேமியா கோபப்படுகிறார். பிரபுக்களையும் அதிகாரிகளையும் திட்டுகிறார். அத்தோடு நிற்கவில்லை. நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், அதை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறார். சபைகளிடம் கட்டடநிதி இருக்கிறது, நிலையான வைப்பு இருக்கிறது. அதில் ஒரு பங்கை வட்டியில்லாக் கைமாற்று நிதியாக வைத்து, சபைக்காரர் அல்லாத அயல்வீட்டுப் பெண்ணுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? திரும்பி வராத காசும் இருக்கும்தான். கட்டடத்துக்குப் பூசிய பெயின்ரும் திரும்பி வருவதில்லை.

இன்னொன்று சீதனம். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது கிறிஸ்தவ வீடுகளிலும் மாறாத வழக்கம். முழுக்கத் தீமை என்று நான் சொல்லமாட்டேன். வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பலம். மோசேயின் காலத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பனின் காணியில் பங்கு கேட்டபோது, அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பலவற்றை 'குடும்பத் தலைவர்' என்று ஆண் பெயரில் பதிந்தபோது எங்கள் பெண்கள் இழந்தது கொஞ்சமல்ல. ஆனால் அந்த வீட்டுக்காக அண்ணன் தம்பிமார் நாற்பது வயது வரை பாலைவனத்தில் நிற்பதும், மாப்பிள்ளை வீட்டார் மேல்மாடியும் கேட்பதும் வேறு கதை. இரண்டாவதைக் கேட்டுவிட்டுக் கலியாண ஆராதனையில் சங்கீதம் 24 பாடக்கூடாது.

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம், ஏனென்றால் இதை எழுதத் தொடங்கியதே அதனால்தான். படுவான்கரையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் ஒன்று இருக்கிறது. பாலத்தடியில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் நாங்கள் போகவே முடியாது. அப்போதும் அதைச் செய்து, ஷெல் விழுந்த போகத்திலும் குத்தகை நெல்லில் ஒரு பங்கையாவது அனுப்பிவைத்தவர் அம்மப்பாவின் பழைய முல்லைக்காரர். இப்போது அவருடைய மகன் செய்கிறார். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு வந்த பெரும்போகம் விழுந்தபோது அம்மா குத்தகையே வேண்டாம் என்றுவிட்டார். "விளையாத நெல்லுக்கு என்னகா குத்தகை?" என்று அந்த மகனின் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தக் காணிக்கு இப்போது நல்ல விலை வந்திருக்கிறது, வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து. அண்ணன் விற்கச் சொல்கிறார். அவருடைய வாதம் லேசானது அல்ல. உக்கிராணக்காரன் எஜமானின் பொருளை அரைவிலைக்கு விடலாமா, கூட வருகிற காசில் அக்காவின் பிள்ளைகளை மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரையும் பல்கலைக்கழகம்வரை படிப்பிக்கலாமே என்கிறார். லேவியராகமம் இஸ்ரவேலுக்கு, மட்டக்களப்புக்கு அல்ல என்றும் சொன்னார். நான் அந்த வயலை அதைச் செய்கிற குடும்பத்துக்கே, அவர்களால் கட்டக்கூடிய விலைக்கு, போகத்துக்கு இவ்வளவு என்று தவணையில் கொடுக்கவேண்டும் என்கிற பக்கம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு ஆகாப் ராஜா கொடுக்க வந்ததும் நல்ல விலைதான் என்று நான் குழுவில் எழுதினேன். நாபோத் விற்க மறுத்துக் கொல்லப்பட, தோட்டத்தை எடுக்கப் போன ராஜாவைக் கண்டித்த தீர்க்கதரிசி எலியா. அண்ணன், வியாபாரி ஆகாப் இல்லை, நீ எலியாவும் இல்லை என்று பதில் போட்டார். அதில் நியாயம் இருக்கிறது.

உறுதி அம்மாவின் பெயரில் இருப்பதால் சட்டப்படி எங்கள் இருவரின் பேச்சும் தேவையில்லை. அம்மா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, முதலில் அந்த மகனைக் கூப்பிட்டு அவர் வாங்க விரும்புகிறாரா, என்ன விலை கட்டமுடியும் என்று அவர் வாயால் சொல்லட்டும் என்றார். நொத்தாரிசிடம் தவணை உறுதி எழுதும் முறையைத் தங்கச்சி விசாரிக்கிறாள். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் அம்மா கையெழுத்துப் போடவும் மாட்டார்.